பைக் டேங்க்கில் விழுந்த ஒடுக்கை வீட்டிலேயே எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுத்தி வைத்த பைக் சாய்ந்திருக்கும், ஹேண்டில்பார் திரும்பி டேங்க்கில் இடித்திருக்கும், அல்லது கைதவறி ஸ்பேனர் மேலே விழுந்திருக்கும். கதை எதுவானாலும் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

என் டேங்க்கில் இருக்கும் ஒடுக்கு வீட்டிலேயே எடுக்கக்கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் கிண்ணம்போல வழவழப்பாக இறங்கி ஏறினால் நம்பிக்கை உண்டு. நடுவில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கூர்மையான மடிப்பு இருந்தால், அந்த இடத்தில் தகடு இழுபட்டு நீண்டிருக்கிறது. அது முழுதாகப் பழைய நிலைக்கு வராது. பாதி தேறினாலே பெரிது.

அடுத்தது இடம். டேங்க்கின் அகலமான பக்கவாட்டில் விழுந்த ஒடுக்கு இளகிக் கொடுக்கும். ஓரத்தில், வெல்டிங் தையலுக்கு அருகில், பெட்ரோல் மூடியைச் சுற்றி, அல்லது தகட்டில் அழுத்தி எடுத்த கோடு ஓடும் இடத்தில் விழுந்திருந்தால் தகடு அங்கே இயல்பிலேயே விறைப்பு. லேசில் அசையாது.

மூன்றாவது பெயின்ட். கம்பெனி பெயின்ட் விரிசல் விடாமல் இருந்தால், பெயின்ட்டைத் தொடாமலே ஒடுக்கை எடுக்கும் வழிகளை முயலலாம். பெயின்ட் ஏற்கெனவே வெடித்திருந்தால் எப்படியும் பெயின்ட் வேலை வரத்தான் போகிறது. அப்போது தகட்டோடு அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

உள்ளே போன தகடு ஏன் அவ்வளவு எளிதாக வெளியே வர மறுக்கிறது?

ஒரு கம்பியை வளைத்துவிட்டு, திரும்ப நிமிர்த்திப் பாருங்கள். வளைத்த இடத்தில் நிமிராது. அதற்குச் சற்றுத் தள்ளிப் புதிதாக ஒரு வளைவு விழும். வளைந்த இடத்தில் உலோகம் இறுகிவிடுவதுதான் காரணம். டேங்க் தகட்டிலும் இதே கதைதான். பெரும்பாலான பைக்குகளில் அது ஏறக்குறைய 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு. அடி விழுந்ததும் பள்ளத்தின் அடியும், பள்ளத்தைச் சுற்றி வரப்புபோல எழும்பும் மேடும் இறுகிவிடுகின்றன.

பலர் கவனிக்காமல் விடுவது அந்த வரப்பைத்தான். பள்ளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள், வராது. வரப்புதான் பள்ளத்தைத் தாழ்ப்பாள் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. அதை மெல்லத் தட்டி இறக்கினால், சில சமயம் பள்ளம் தானாகவே பாதி எழும்பும். கீழே வரும் முறைகள் எல்லாவற்றிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைக் காலி செய்துவிட்டேன். இனி ஆபத்து இல்லைதானே?

நேர்மாறு. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது திரவம் இல்லை, ஆவி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்கில் ஆவி தங்க இடமே குறைவு. இருக்கும் கொஞ்ச இடத்திலும் ஆவி அடர்த்தியாக இருப்பதால் எரியத் தேவையான காற்று கிடைக்காது. ஊற்றிக் கவிழ்த்த டேங்க்கிலோ காற்றும் உண்டு, ஆவியும் உண்டு, இரண்டும் கலக்க இடமும் உண்டு.

இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து போகும். அறையின் அந்த மூலையில் இருக்கும் ஹீட்டர், ஃப்ரிட்ஜின் ஸ்விட்ச், கேஸ் அடுப்பு எல்லாம் கணக்கில் வரும். அதனால் இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கேரேஜ் வேண்டாம்.

டேங்க்கைக் கழற்றாமல் பைக்கில் வைத்தே செய்யக்கூடாதா?

வெளியிலிருந்து உறிஞ்சும் கப் வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதென்றால் வைத்தே செய்யலாம். மற்ற எதற்கும் கழற்றுவதுதான் நல்லது. பள்ளத்தை வெளிச்சத்துக்கு எதிரே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். பைக்கை அப்படித் திருப்ப முடியாது.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள் (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால், கீழே சொல்லும் ஒரு வேலையை முதலில் முடித்துவிட்டு). சீட்டைக் கழற்றினால் டேங்க்கின் பின்முனையில் ஒன்றோ இரண்டோ போல்ட் தெரியும்; முன்பக்கம் பெரும்பாலும் ரப்பர் புஷ்ஷில் செருகித்தான் இருக்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டுக் குழாயை உருவினால் போதும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாயில் அழுத்தம் நிற்கும், ஏறக்குறைய 3 பார் அளவுக்கு. அப்படியே உருவினால் கண்ணில் பீய்ச்சும். பேட்டரியைக் கழற்றும் முன்பே, பம்ப்பின் வயர் கனெக்டரை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். குழாயில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும். பிறகு உருவுங்கள், அப்போதும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு. பெட்ரோல் அளவு காட்டும் சென்சாரின் வயரையும், மூடிக்குக் கீழிருந்து வரும் மெல்லிய வடிகுழாய்களையும் மறக்க வேண்டாம். டேங்க்கைத் தூக்கும்போது இழுபடுவது அவைதான்.

எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

டேங்க்கின் உள்ளே கழுவ வேண்டுமா?

கம்பி விட்டு வேலை செய்வதானாலும், குளூ கன் (பசைக்குச்சியைச் சூட்டில் உருக்கித் தள்ளும் கருவி) பயன்படுத்துவதானாலும் கழுவித்தான் ஆக வேண்டும். பம்ப்பையும் சென்சாரையும் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் வெந்நீரும் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். மூன்று நான்கு முறை. கடைசியில் வாசனை அறவே இருக்கக் கூடாது. பெட்ரோல் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், தனியாகப் பிடித்து வையுங்கள்.

கழுவியதும் உடனே உலர்த்த வேண்டும். பூச்சில்லாத இரும்பில் சில மணி நேரத்திலேயே செந்நிறம் படரும். மூடியைத் திறந்து வெயிலில் கவிழ்த்து வைப்பது எளிய வழி. வேலை இரண்டு மூன்று நாள் இழுக்கும் என்றால் உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வடித்துவிடலாம். திரும்பப் பெட்ரோல் ஊற்றும் முன் கொஞ்சம் பெட்ரோலால் அலசிக் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு கழுவிய டேங்க்கும் நெருப்புக்குப் பாதுகாப்பானது அல்ல. தையல் மடிப்புகளிலும் துரு அடுக்குகளிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும்.

ஹேர் டிரையரில் சூடாக்கி உடனே ஐஸ் வைத்தால் “டப்” என்று வெளியே வந்துவிடுமாமே?

வீடியோவில் வரும். கணக்கு போட்டுப் பார்ப்போம். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் அளவுக்கு நீளும். 10 செ.மீ. அகலமுள்ள இடத்தை 100 டிகிரி மாற்றினாலும் கிடைப்பது 0.12 மி.மீ. தான். ஒரு தாளின் கனம். இறுகிப்போன வரப்பை அசைக்க அது போதாது.

அப்படியானால் வீடியோவில் எப்படி வருகிறது? அவை பெரும்பாலும் அகலமான, ஆழமில்லாத, விரலால் அழுத்தினாலே “டொக் டொக்” என்று உள்ளே வெளியே போய்வரும் ஒடுக்குகள். எண்ணெய் டின்னின் அடியை அழுத்துவதுபோல. கார் கதவு, பானட் மாதிரித் தட்டையான இடங்களில் இப்படி விழும். டேங்க் எல்லாப் பக்கமும் வளைந்தது, அதில் அபூர்வம். டிரை ஐஸ் வைத்தாலும் (அது மைனஸ் 78.5 டிகிரி) கணக்கு பெரிதாக மாறாது, கைதான் புண்ணாகும்.

அதைவிட முக்கியம்: ஹேர் டிரையருக்குள் இருப்பது சிவந்து எரியும் கம்பிச்சுருள். ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல் ஊதும். பெட்ரோல் ஆவி 300 டிகிரிக்குள்ளேயே பொறியில்லாமல் தானாகப் பற்றும். டேங்க் கழுவியதானாலும் கழுவாததானாலும் அதன் அருகில் இரண்டையும் கொண்டு போகாதீர்கள். வெந்நீர் ஊற்றும் தந்திரம் பிளாஸ்டிக் பம்பருக்கானது, இரும்புக்கு இல்லை.

ஓட்டைகளை அடைத்துவிட்டுக் காற்றடித்தால் உள்ளிருந்து தள்ளாதா?

தள்ளும். ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

இதை நானே செய்து கெடுத்திருக்கிறேன். முதல் டேங்க், அனுபவம் பூஜ்யம். மூடியையும் டேப்பையும் ரப்பர் வைத்து அடைத்து கம்ப்ரஸரை மாட்டினேன். ஒடுக்கு அசையவில்லை. கொஞ்சம் கூட்டினேன், உள்ளே ஏதோ “டம்” என்றது. பார்த்தால், ஃப்ரேம் குழாய் புகுவதற்காக டேங்க்கின் அடியில் பள்ளமாக இருக்குமே, அதன் சுவர்கள் இரண்டும் உள்நோக்கிப் பிதுங்கிவிட்டன. ஒடுக்கு அப்படியே இருக்க, டேங்க் ஃப்ரேமில் உட்காரவே மாட்டேன் என்றது.

அப்போது புரியாதது பிறகு புரிந்தது. ஒடுக்கு விழுந்த இடம்தான் இறுகிய இடம். காற்றோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். எனவே இறுகாத இடம்தான் முதலில் கொடுக்கும். உள்ளே சைக்கிள் டியூபை விட்டு ஊதினாலும், பலூனை விட்டு ஊதினாலும் இதேதான்.

அந்த விசையும் விளையாட்டில்லை. 1 பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ எடை அழுத்துவது மாதிரி. 20 செ.மீ.க்கு 30 செ.மீ. பக்கத்தில் அது 600 கிலோ. டயருக்கு அடிக்கும் 30 பி.எஸ்.ஐ. வைத்தால் ஒரு டன்னைத் தாண்டும். டேங்க் அழுத்தம் தாங்கச் செய்த பொருளே இல்லை. தையல் கிழிந்தால் தகடு பறக்கும், அல்லது வைத்த அடைப்பான் குண்டுபோல வரும். செய்யாதீர்கள்.

தண்ணீர் நிரப்பி உறைய வைத்தால்?

உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் போல விரியும், யார் தடுத்தாலும் நிற்காது. மேலே சொன்ன அதே காரணத்தால் தையல்தான் முதலில் பிளக்கும்.

உறிஞ்சும் கப் எப்படி?

தட்டையான இடத்துக்குச் சரி. டேங்க் வளைவில் கப்பின் விளிம்பு முழுதாகப் படியாது, காற்று புகுந்து கழன்றுவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மேலான மேலோட்டமான பள்ளம் என்றால் விளிம்பில் லேசாக நீர் தடவி ஒருமுறை முயலுங்கள். நஷ்டமில்லை.

அப்படியானால் எதுதான் உருப்படியாக வேலை செய்யும்?

பெயின்ட் நன்றாக இருக்கும் டேங்க்குக்கு, பசை ஒட்டி இழுப்பது. இதற்கென்று டென்ட் புல்லர் செட் கிடைக்கிறது. ஒரு குளூ கன், அதற்கான பசைக்குச்சிகள், பல அளவில் பிளாஸ்டிக் குமிழ்கள், இழுக்க ஒரு சிறு பாலம் போன்ற கருவி அல்லது சறுக்குச் சுத்தி (கம்பியில் ஓடும் எடையைச் சறுக்கவிட்டு, அது மோதும் வேகத்தில் வெளியே இழுப்பது), தட்டி இறக்க ஒரு பிளாஸ்டிக் முனை. வளைந்த டேங்க்குக்குச் சறுக்குச் சுத்திதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. பாலத்தின் கால்கள் வளைவில் சரியாக ஊன்றாமல் வழுக்கும்; ஊன்றிய இடத்தில் புதுப் பள்ளமும் போடும். பாலம்தான் இருக்கிறது என்றால் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வையுங்கள்.

கருவியைவிட முக்கியம் வெளிச்சம். ஒரு நீளமான டியூப்லைட்டை டேங்க்கில் பிரதிபலிக்கும்படி வையுங்கள். கோடு நேராக ஓடும் இடம் நல்ல தகடு. நெளிந்தால் அங்கே பள்ளமோ மேடோ உண்டு. பகல் வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்த்து வேலை செய்தால் எங்கே இழுக்கிறோம் என்றே தெரியாது. வரப்பு எங்கே எழும்பியிருக்கிறது என்பதும் இந்தக் கோட்டில்தான் தெரியும். துடைத்தால் அழியும் பேனாவால் வரப்பைச் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பள்ளத்தையும் குமிழின் முகத்தையும் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். மெழுகு, பாலிஷ் எதுவும் மிச்சமிருந்தால் பசை பிடிக்காது. பள்ளத்தைவிடச் சிறிய குமிழை எடுத்து, முகத்தில் பசையைத் தடவி, பள்ளத்தின் மேல் வைத்து அழுத்தாமல் பிடியுங்கள். பசை ஒரு மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும். தொட்டால் லேசான வெதுவெதுப்பு என்ற நிலைக்கு ஆறியதும் இழுக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். சூடாக இருக்கும்போது இழுத்தால் நூலாக வரும், முழுக்க ஆறினால் பட்டென்று விட்டுவிடும்.

நாணய அளவுப் பள்ளம் என்றால் நடுவில் ஒட்டலாம். பெரியது என்றால் நடுவில் தொடங்காதீர்கள். விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். ஒரே இழுப்பில் எடுக்க நினைக்கவும் வேண்டாம். இழுப்பது கொஞ்சம், பிறகு பசையின் ஓரத்தில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு பிளாஸ்டிக் தகட்டால் பெயர்ப்பது, வெளிச்சத்தில் பார்ப்பது, குறித்து வைத்த வரப்பைப் பிளாஸ்டிக் முனை வைத்துச் சின்னச் சுத்தியால் நொட்டு நொட்டென்று தட்டுவது, மறுபடி ஒட்டுவது. பத்து இருபது முறை ஆகலாம். ஒரு சாயங்காலம் போய்விடும். பொறுமை இல்லாத நாளில் தொடாதீர்கள்.

இதில் பெயின்ட் உரிந்துவிடாதா?

கம்பெனியில் சூளையில் சுட்ட பெயின்ட் பொதுவாகத் தாங்கும். மறுபெயின்ட் அடித்த டேங்க் என்றால் தட்டு தட்டாகக் கையோடு வந்துவிட வாய்ப்பு அதிகம். உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசி இறுக விடும் கலவை) இருந்தால் பட்டியும் சேர்ந்து வரும். முன்பு பட்டி வைத்திருக்கிறார்களா என்று அறிய ஒரு சிறு காந்தத்தைத் துணி சுற்றி டேங்க் மேல் நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே தகட்டுக்கு மேல் கனமாக ஏதோ இருக்கிறது.

பள்ளத்தின் மேலேயே ஸ்டிக்கர் இருந்தால் பசையோடு அதுவும் போய்விடும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டில் தட்டிய இடமெல்லாம் பளபளப்பான புள்ளியாக நிற்கும், அதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. இந்த இரண்டு வகைக்கும் உள்ளிருந்து கம்பி விடுவதே மேல்.

உள்ளிருந்து கம்பியால் தள்ளுவது எப்படி?

கை எட்டினால் இதைவிடத் துல்லியமான வழி கிடையாது. எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக மேல்பக்க ஒடுக்குகளை ஓரளவு எட்டலாம், சில டேங்க்குகளில் வாய்க்குக் கீழே தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் அடியில் பம்ப் உட்காரும் துளை பெரியது, பக்கவாட்டு ஒடுக்குக்கு நல்ல வழி. கார்புரேட்டர் வண்டியில் டேப்பின் துளை விரல் அளவுதான்.

6 முதல் 8 மி.மீ. கனமுள்ள, எளிதில் வளையாத கம்பியைப் பள்ளத்தின் இடத்துக்கேற்ப வளைத்து, முனையை உருண்டையாக அராவித் தேய்த்து, டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கூர்முனை தகட்டில் பரு போடும், அது ஒடுக்கைவிட அசிங்கம். கம்பி தாங்கி நெம்பும் விளிம்பில் தோலோ ரப்பரோ கட்டாயம் வையுங்கள். மூடி உட்காரும் விளிம்பு கொஞ்சம் நெளிந்தாலும் பிறகு ஆயுளுக்கும் பெட்ரோல் கசியும்.

உள்ளே முனை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. மெல்ல அழுத்திக்கொண்டே வெளியே டியூப்லைட் கோட்டைக் கவனியுங்கள். கோடு எங்கே துடிக்கிறதோ அங்கே முனை. துடிப்பு பள்ளத்துக்குள் வரும்வரை நகர்த்திவிட்டு, பிறகுதான் பலம் கொடுக்க வேண்டும். அதுவும் விளிம்பிலிருந்து. ஒரு அழுத்தில் தெரியும் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரியான பலத்தில் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

உள்ளே துருத்தடுப்புப் பூச்சு போட்ட டேங்க் என்றால் கம்பி பட்டு அது உரியலாம். உரிந்த செதில் வடிகட்டியை அடைக்கும். அப்படிப்பட்ட டேங்க்கில் பசை முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகமாக இழுத்துவிட்டேன், பள்ளம் இருந்த இடம் இப்போது மேடு.

சிறிய மேடு என்றால் பிளாஸ்டிக் முனை வைத்து நடுவில் இல்லாமல் சுற்றியுள்ள சரிவில் தட்டி இறக்குங்கள். தட்டத் தட்ட அந்த இடம் மெலிந்து “டொக் டொக்” என்று ஆடத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். தகடு நீண்டுவிட்டது, இனி பட்டிதான். ஒரு விஷயம்: பள்ளத்தைப் பட்டியால் நிரப்பலாம், மேட்டை எதனாலும் நிரப்ப முடியாது. அதனால் முக்கால்வாசி வந்ததும் கையை எடுப்பது புத்திசாலித்தனம்.

பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதென்றால்?

முடிந்தவரை தகட்டை வெளியே இழுத்த பிறகுதான் பட்டி. பட்டியின் கனம் 3 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. பள்ளம் முழுவதையும் பட்டியால் நிரப்பினால் இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் ஒருநாள் விரிசல் விடும்.

பள்ளத்தையும் சுற்றி மூன்று விரல் அகலத்தையும் 80 எண் உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியத் தேயுங்கள். கீறல் இல்லாத வழவழப்பில் பட்டி பிடிக்காது. இரண்டு பொருள் கலக்கும் பாலியஸ்டர் பட்டியில் ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்) எடையில் 2 சதவீதம் போதும். அதிகம் கலந்தால் சீக்கிரம் இறுகும், பிறகு பெயின்ட்டில் கறைபோல ஊறித் தெரியும். கலந்த பின் கையில் இருப்பது நான்கைந்து நிமிடம்தான், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். இறுகியதும் 80, 180, 320 என்று தேய்த்துக்கொண்டு வர வேண்டும். விரல் நுனியால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் அலை அலையாக வரும். வளைவுக்கு ஏற்ப வளையும் ரப்பர் கட்டையில் சுற்றித் தேயுங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது, அது நீரை உறிஞ்சும். உள்ளே துரு பிடித்துப் பிறகு கொப்புளம் போடும். பிரைமர் அடித்த பிறகு தண்ணீர்த் தாள் போடலாம்.

பெயின்ட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. மேலே வரும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட், ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்ப்ரே டின் லேக்கர் அழகாகத்தான் இருக்கும், முதல் தடவை பெட்ரோல் வழிந்ததும் பிசுபிசுவென்று கரைந்துவிடும். ஆனால் அந்த இரண்டு பாகக் கிளியரில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். துணி முகக்கவசமோ தூசிக்கான முகக்கவசமோ அதைத் தடுக்காது. அதற்குரிய சுவாசக் கருவி இல்லையென்றால் பிரைமர் வரை நீங்கள் செய்துவிட்டு, பெயின்ட்டை மட்டும் பெயின்ட்டரிடம் விடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

துளை போட்டு ஸ்க்ரூ திருகி இழுத்துவிட்டு, பிறகு துளையை அடைக்கலாமா? வெல்டிங் ஆணி வைத்து இழுப்பது?

துளை, வேண்டவே வேண்டாம். கார் கதவில் அது ஒரு துளை. டேங்க்கில் அது கசிவு. பட்டியோ எம்-சீல் வகையோ பெட்ரோலை நெடுநாள் தடுத்து நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது. கசிவது நேராகச் சூடான இன்ஜின் மேல்.

ஆணி வைத்து இழுப்பது டிங்கர்கள் செய்யும் நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு ஆணியும் ஒரு வெல்டிங். தகட்டின் உட்பக்கமும் அந்தப் புள்ளியில் சிவக்கும். டேங்க் வேலை தெரிந்தவர்கள் உள்ளே தண்ணீர் நிரப்பி ஆவிக்கு இடமே இல்லாமல் செய்துகொள்வார்கள், அல்லது கார்பன் டை ஆக்சைடு, ஆர்கான் போன்ற எரியாத வாயுவால் நிரப்புவார்கள். பல வருடம் காய்ந்து கிடந்த டேங்க்குகூட வெல்டிங் சூட்டில் வெடித்தது உண்டு. வீட்டு வேலை இல்லை.

அலுமினியம், பிளாஸ்டிக், குரோம் டேங்க்குகளுக்கும் இதே முறைதானா?

காந்தம் ஒட்டாவிட்டால் அது இரும்பில்லை. அலுமினியம் இரும்பைவிடச் சீக்கிரம் இறுகி விரிசல் விடும், அதனால் இன்னும் சின்னச் சின்ன இழுப்பு. பிளாஸ்டிக் டேங்க் பொதுவாக ஒடுக்கு விழாமல் திரும்பிக்கொள்ளும். விழுந்திருந்தால் வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளலாம், வெள்ளைக் கோடாக வெளுத்திருந்தால் அது விரிசலின் தொடக்கம், மாற்றிவிடுங்கள். பல வண்டிகளில் வெளியே தெரிவது உறை மட்டும், நிஜ டேங்க் உள்ளே இருக்கும். அப்போது உறையை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. குரோம் பூச்சு தகட்டோடு சேர்ந்து வளையாது, வெடித்து உதிரும். அதை எடுத்தபின் மறுபடி பூச்சு போட்டே ஆக வேண்டும்.

ஹேண்டில்பார் இடித்துத்தான் ஒடுக்கு விழுந்தது. ஒடுக்கை எடுத்தால் போதுமா?

போதாது. முழுக்கத் திருப்பினாலும் ஹேண்டில்பார் டேங்க்கைத் தொடக் கூடாது என்றுதான் எந்த வண்டியையும் அமைக்கிறார்கள். அதற்காக ஃபோர்க்கைப் பிடிக்கும் அடித்தட்டிலும் ஃப்ரேமின் கழுத்திலும் தடுப்பு முட்டுகள் இருக்கும். ஹேண்டில் டேங்க்கை எட்டியது என்றால் அந்த முட்டு உடைந்திருக்கலாம், வளைந்திருக்கலாம், அல்லது ஹேண்டில்பாரே வளைந்திருக்கலாம். டேங்க்கைப் பொருத்தும் முன் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டு உடைந்த வண்டியை ஓட்டக் கூடாது. இதைச் சரிபார்க்காமல் டேங்க்கை மட்டும் பளபளப்பாக்கியவர்கள் அதே இடத்தில் அடுத்த ஒடுக்கை வாங்கியிருக்கிறார்கள்.

திரும்ப மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கசிவு. துளைகளை அடைத்து டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, வெளியே நன்றாகத் துடைத்து, செய்தித்தாள் மேல் சில மணி நேரம் வையுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் அது வந்த வழியைத் தேடுங்கள், பெரும்பாலும் தையல். கசியும் தையலுக்கு வீட்டில் மருந்தில்லை. கசிவில்லை என்றால் உலர்த்தி மாட்டலாம்.

பம்ப்பைக் கழற்றியிருந்தால் அதன் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாக வாங்கிவிடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், காடியில் உட்காரவே உட்காராது. வடிகுழாய்கள் மடங்காமல் இருக்க வேண்டும். காற்றுக்குழாய் நசுங்கினால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு இன்ஜின் பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும், நீங்கள் கார்புரேட்டரையும் பம்ப்பையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்யும் முன் பத்து நிமிடம் அடியில் பாருங்கள்.

எந்த நிலையில் இதெல்லாம் வேண்டாம், வேறு டேங்க் போட்டுவிடலாம் என்று முடிவு செய்வது?

தையல் திறந்திருந்தால், மடிப்பு தகட்டைக் கிழித்திருந்தால், அல்லது உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது துரு செதில் செதிலாக நின்றால். மூன்றாவதில் வெளியே எவ்வளவு உழைத்தாலும் தகடு உள்ளிருந்து தின்னப்பட்டுக்கொண்டிருக்கிறது. கம்பியால் தள்ளினால் விரலே போகும் அளவுக்கு ஓட்டை விழும்.

எதுவுமே செய்யாமல் ஒரு ஸ்டிக்கரோ டேங்க் பேடோ ஒட்டி மறைத்துவிட்டால் தப்பா?

தப்பே இல்லை. கசிவில்லாத, பெயின்ட் வெடிக்காத ஒடுக்கு டேங்க்குக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. பெயின்ட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் முதலில் அதைத் தேய்த்து, பிரைமர் தொட்டு வைத்துவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்டிக்கருக்கு அடியில் ஈரம் தங்கித் துரு பரவும், எடுத்துப் பார்க்கும்வரை தெரியாது. இழுத்து இழுத்து முக்கால்வாசி வந்து நின்ற என் டேங்க்கில் மிச்சமிருக்கும் கால்வாசியின் மேல் இப்போது ஒரு முட்டிப் பட்டை ரப்பர் ஒட்டியிருக்கிறது. இருபக்கமும் ஒட்டினேன், ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் கேட்பார்கள்.